வாற்சிறகும் யன்னல் மூலையும்
நெவில் ஷூட்டின் நாவலொன்றும் கொமெற் விமானம் விட்டுச்சென்ற மரபும்

உலகில் முதன்முதலாக ஒழுங்கான சேவையிற் பிரயாணிகளை ஏற்றிச்சென்ற தாரை விமானம் கொமெற் என்பதும், அது வானிலே பிளந்து வீழ்ந்தமைக்கு அதன் சதுர யன்னல்களே காரணம் என்பதும் உயர்தர வகுப்பு மாணவரை வினாவினால் தயக்கமின்றிக் கிடைக்கும் விடைகள். ஆங்கில நாவல்களில் ஈடுபாடுடைய ஆசிரியர் சிலர் இவற்றோடு மற்றொன்றையுஞ் சேர்த்துரைப்பர். கொமெற்றுக்கு நேரவிருந்த கேட்டை ஆறாண்டுகளுக்கு முன்னரே நெவில் ஷூட் என்பார் தமது ‘நோ ஹைவே’ என்னும் நாவலிலே தீர்க்கதரிசனமாக எழுதிவிட்டார் என்பதே அது. இரண்டும் நினைவில் நிறுத்துதற்கு எளிய கூற்றுக்கள். இரண்டும் அரை உண்மைகளே என்பது எமது கருத்து. ஒரு பெருங்கேட்டின் காரணத்தை ஒரே மூலையிலும், அதனை உணர்ந்த அறிவை ஒரே மனிதனிடத்திலும் ஒடுக்கிவிட விரும்பும் மனப்பான்மையே இவ்விரண்டினையும் பெற்றது. நாவலை நாவலாகவும் வரலாற்றை வரலாறாகவும் பிரித்து நோக்கின், ஒன்றையொன்று விளக்கும் இடம் வேறொன்று உண்டு என்பது புலனாகும்.

முதலில் நூலாசிரியரைப் பற்றிச் சில சொற்கள். நெவில் ஷூட் நோர்வே என்பது அவர் முழுப்பெயர். எழுத்தாற் புகழ்பெறுதற்கு முன்னர் அவர் விமானப் பொறியியலாளர். பிற்காலத்திற் கொமெற்றைக் கட்டிய டி ஹவிலண்ட் கம்பனியிலேயே தகைப்புக் கணக்குப் பார்ப்பவராகத் தொழில் தொடங்கியவர். பின்னர் விக்கேர்ஸ் நிறுவனத்தில் பார்ன்ஸ் வாலிஸ் என்பாரின் கீழ் ஆர்-100 என்னும் ஆகாயக் கப்பலுக்குக் கணக்கிட்டவர். 1931இல் எயர்ஸ்பீட் என்னும் விமானக் கம்பனியை நிறுவியோருள் ஒருவர். ஆர்-100இற்குப் போட்டியாக அரசாங்கமே கட்டிய ஆர்-101 என்னும் ஆகாயக் கப்பல் 1930 ஒக்டோபரிற் பிரான்சு நாட்டிலே வீழ்ந்து 48 பேர் மாண்டனர். அந்நிகழ்ச்சி அவருள்ளத்தை விட்டகலவில்லை. 1954இல் வெளிவந்த ‘ஸ்லைட் றூல்’ என்னும் அவரது சுயசரிதையைப் படிப்போர், அரசாங்க அலுவலர்மீது அவர் கொண்டிருந்த ஐயம் எத்துணைக் கசப்புடையது என்பதை அறிவர்.

இத்தகைய ஒருவர், தாம் ஐயுற்ற அரசாங்க ஆராய்ச்சி நிலையமொன்றையே கதைக்களமாக்கி, அங்குள்ள விஞ்ஞானி ஒருவனையே தலைவனாக்கியமை வியப்புக்குரியது. பான்பரோ என்னுமிடத்திலுள்ள றோயல் விமான ஆராய்ச்சி நிலையத்தில் தியடோர் ஹனி என்பவன் உலோகக் களைப்பைப் பற்றி ஆராய்கிறான். போரிலே மனைவியை இழந்தவன். எல்ஸ்பெத் என்னும் சிறு மகளோடு ஒழுங்கற்ற வீடொன்றில் வாழ்பவன். எகிப்தியப் பிரமிட்டின் அளவுகளில் எதிர்காலம் பொதிந்துள்ளது என நம்புபவன். ‘றெயின்டியர்’ என்னும் புதிய பிரயாணி விமானத்தின் வாற்சிறகு 1,440 மணிநேரம் பறந்தபின் முறியும் என்பது அவன் கணக்கு. அவ்வகை விமானமொன்று ஏற்கெனவே லாப்ரடோர்க் காட்டில் வீழ்ந்துள்ளது. விமானியின் தவறு என்று அது முடிவுகட்டப்பட்டிருக்கிறது. அச்சிதைவைப் பார்வையிடுமாறு ஹனி அனுப்பப்படுகிறான். அத்திலாந்திக் சமுத்திரத்தின்மேற் செல்லும்போதே தான் ஏறியிருப்பதும் அதிக நேரம் பறந்துவிட்ட ஒரு றெயின்டியர் என அறிகிறான். கந்தர் என்னும் விமான நிலையத்தில் அது தரித்தபோது, எவர் சொல்லும் பயன்படாமையால், நிலத்தில் நின்ற விமானத்தின் சக்கரங்களை உள்ளிழுக்கும் நெம்புகோலை இயக்கி, அதனை வயிற்றின்மேல் வீழ்த்தி, மேற்கொண்டு பறக்கவியலாதபடி செய்துவிடுகிறான். 1951இல் ஹென்றி கொஸ்ரர் இக்கதையைத் திரைப்படமாக்கினார். ஜேம்ஸ் ஸ்ரூவேர்ட் ஹனியாக நடித்தார்.

தீர்க்கதரிசனம் என்னும் கூற்றை இனி ஆராய்வோம். உலோகம் களைப்புறும் என்பது 1948இற் புதிய செய்தியன்று. கம்பியொன்றை முன்னும் பின்னும் பலகால் வளைத்தால், ஒருமுறை இழுத்தால் அறாத அக்கம்பி முறிந்துவிடுவதைச் சிறுவரும் அறிவர். புகைவண்டியின் அச்சுக்கள் இவ்வாறு முறிவதை ஜேர்மனியரான வோலர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே முறையாகப் பரிசோதித்து வெளியிட்டார். ஆகாயத்திலும் முன்னுதாரணங்கள் உள. 1945 சனவரியில் அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில் ஸ்ரின்சன் விமானமொன்று சிறகு முறிந்து வீழ்ந்து அதிலிருந்த பத்துப்பேரும் இறந்தனர். களைப்பே காரணம் எனக் காணப்பட்டது. நாவல் வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்ட் 29ஆந் திகதி, அமெரிக்காவிலே மினசோற்றா மாநில எல்லையருகில் மாட்டின் 2-0-2 விமானமொன்று அதே காரணத்தால் வீழ்ந்து 37 பேரைக் கொன்றது. ஆகவே ஷூட் வருங்காலத்தைக் கண்டவரல்லர். தம் தொழிலாளர் கூட்டத்திலே மெல்லிய குரலிற் பேசப்பட்டதைப் பொதுமக்கள் கேட்கும்படி உரத்த குரலிற் பேசியவர். எழுத்தாளனுக்கு இப்புகழே போதியது.

அன்றியும், நாவலில் வரும் களைப்பும் கொமெற்றின் களைப்பும் ஓரினத்தவாயினும் ஒன்றல்ல. றெயின்டியர் தாரை விமானமன்று. அதன் வாற்சிறகு இடையறா அதிர்வினாற் களைப்புறுகிறது. ஆதலால் ஹனி மணிநேரத்தைக் கணக்கிடுகிறான். கொமெற்றிலே களைப்புற்றது பிரயாணிகள் இருந்த கூடு. காற்று மிக மெலிந்த உயரத்திற் பறத்தற்காக அதனுள்ளே அமுக்கம் ஏற்றப்பட்டது. இறங்கியபோது அமுக்கம் தணிந்தது. பலூனை ஊதி ஊதித் தளர்த்துவது போல, ஒவ்வொரு பறப்புக்கும் ஒருமுறை கூடு விரிந்து சுருங்கியது. ஈண்டு எண்ணவேண்டியது மணியை அன்று, பறப்பின் தொகையை.

‘களைப்பு’ என்னும் சொல்லைப் பற்றியும் ஓரிடைக்குறிப்பு. ஆங்கிலேயர் தம் மொழியில் வைத்த உருவகத்தை நாமும் ஏற்றுக்கொண்டோம். களைத்த மனிதன் ஓய்ந்திருந்தால் தெளிவான். களைத்த உலோகம் எத்தனை நாள் ஓய்ந்திருந்தாலும் தெளிவதில்லை. அது பெற்ற விரிசல் அப்படியே நின்று அடுத்த சுமையை எதிர்நோக்கும். இச்சொல் மாணவர் மனத்திலே தவறான படமொன்றை எழுப்புகிறது என்பது எம் அனுபவம்.

இனி விமானத்தை நோக்குவோம். றொனால்ட் பிஷப் தலைமையில் வரையப்பட்ட கொமெற், 1949 யூலை 27ஆந் திகதி ஹற்பீல்ட் களத்திலிருந்து ஜோன் கனிங்காம் செலுத்த முதன்முறை எழுந்தது. நான்கு தாரை எஞ்சின்களும் சிறகின் அடியிலே உடலோடொட்டிப் புதைக்கப்பட்டிருந்தன; சேவைக்கு வந்தபோது பிரயாணிகளுக்கு ஆசனங்கள் 36. 1952 மே 2ஆந் திகதி இலண்டனிலிருந்து யொகனஸ்பேர்க்குக்குச் சேவை தொடங்கிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி தொடங்கிய சேவை கொழும்பை எல்லையாகக் கொண்டது. தாரை விமானச் சேவை பெற்ற உலகின் முதற் சில நகரங்களுள் எமது தலைநகரும் ஒன்று என்பதை இன்று நினைப்பார் அரியர்.

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1952 ஒக்டோபரில் உரோமாபுரியில் ஒரு கொமெற் எழும்ப மாட்டாது ஓடுபாதையைக் கடந்து சிதைந்தது; உயிர்ச்சேதமில்லை. 1953 மார்ச்சிற் கராச்சியில் அதேபோல எழும்ப முயன்ற மற்றொன்று வீழ்ந்து 11 பேர் இறந்தனர். விமானியின் தவறு என்று கூறப்பட்டது. கூறியபின்னர், சிறகின் முன்விளிம்பு திருத்தி வரையப்பட்டது! நாவலில் லாப்ரடோர் விபத்துக்குச் சொல்லப்பட்ட அதே விளக்கம் இங்குஞ் சொல்லப்பட்டமை கருதத்தக்கது. முதற் சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டு நிறைந்த 1953 மே 2ஆந் திகதி, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட கொமெற் புயலிற் சிக்கி உடைந்து 43 பேர் மாண்டனர். 1954 சனவரி 10ஆந் திகதி, சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கி வந்த ‘யோக் பீற்றர்’ என்னும் விமானம் உரோமாபுரியிலிருந்து எழுந்த சிறிது நேரத்தில் எல்பாத் தீவருகே கடலில் வீழ்ந்தது. 35 பேர் இறந்தனர். இந்த யோக் பீற்றரே 1952இல் முதற் சேவையைத் தொடங்கிவைத்த விமானம். ஏப்பிரில் 8ஆந் திகதி ‘யோக் யோக்’ என்னும் விமானம், உரோமாபுரியிலிருந்து கெய்ரோ செல்லும் வழியில் நேப்பிள்சுக்கு அப்பாற் கடலில் வீழ்ந்தது. 21 பேர் இறந்தனர். கொமெற்றின் பறப்புரிமைப் பத்திரம் மீளப்பெறப்பட்டது.

பான்பரோவில் ஆணல்ட் ஹோல் தலைமையில் நடந்த ஆராய்ச்சி, எந்தத் துப்பறியுங் கதைக்கும் குறைந்ததன்று. எல்பா அருகே கடற்படையினர் யோக் பீற்றரின் பெரும்பகுதியைத் துண்டுதுண்டாக மீட்டனர். இறந்தோரின் உடல்களைப் பரிசோதித்த இத்தாலிய மருத்துவர், நுரையீரல்கள் வெடித்திருந்தமையைக் கண்டு, கூட்டின் அமுக்கம் கணப்பொழுதிற் சிதறியிருக்க வேண்டும் என்னுங் குறிப்பைத் தந்தனர். இடச்சிறகிலே காணப்பட்ட வண்ணப்பூச்சுக் கீறல் மற்றொரு சான்று. கூட்டின் வண்ணம் சிறகிலே தேய்ந்திருந்தமையால், சிறகு ஒடியாதிருந்த பொழுதே கூடு பிளந்தது என்பது தெளிவாயிற்று.

ஆயினும் தீர்க்கமான விடையைத் தந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. சேவையிலிருந்த ‘யோக் அங்கிள்’ என்னும் முழு விமானத்தின் கூடு, சிறகுகள் வெளியே நீண்டிருக்கப் பெருந்தொட்டியொன்றில் அமிழ்த்தப்பட்டது. காற்றை ஏற்றிச் சோதித்தால், பிளக்குங்கால் வெடிகுண்டுபோற் சிதறித் தடயம் அனைத்தையும் அழித்துவிடும். நீர் அமுங்கும் இயல்பு அற்றது. பிளவு தோன்றியவுடன் அமுக்கம் விழுந்துவிட, பிளந்த இடம் பிளந்தபடியே நிற்கும். நீரை ஏற்றியும் இறக்கியும் பறப்புக்களைப் போலச் செய்தனர். 1954 யூனில், சேவையிற் பறந்தவற்றையுஞ் சேர்த்து 3,057 பறப்புக்களின் அளவு நிறைந்தபோது, யன்னல் வரிசையிலே ஒரு திறப்பின் மூலையிலிருந்து கூடு கிழிந்தது. கடலில் வீழ்ந்த யோக் பீற்றர் பறந்தவை 1,290. யோக் யோக் 900.

இவ்விடத்திலேதான் சதுர யன்னல் என்னுங் கட்டுக்கதை பிறந்தது. தொட்டியிற் கிழிந்தது யன்னல் வரிசையின் மூலை என்பது மெய்யே. ஆனால், எல்பாக் கடலிலிருந்து மீட்கப்பட்ட யோக் பீற்றரின் துண்டுகளிலே களைப்பின் தொடக்கமாகக் காணப்பட்ட இடம் பிரயாணிகள் வெளியே பார்க்கும் யன்னலன்று; கூட்டின் உச்சியிலே, திசையறி வானொலிக் கருவிக்காக வெட்டப்பட்ட திறப்பின் ஓரம். மேலும், அந்த யன்னல்களைச் சரியான சதுரம் என்றலும் பொருந்தாது, மூலைகள் வளைக்கப்பட்டேயிருந்தன. திறப்பின் ஓரத்தில் தகைப்பு மிகும் என்பதைக் கட்டியோர் அறியாதவரல்லர். அறிந்தே கணக்கிட்டனர், மெய்யான தகைப்பு அக்கணக்கை மிஞ்சியிருந்தது.

பரிசோதனை செய்யாமற் பறக்கவிட்டனரோ எனின், அதுவுமில்லை. பாராட்டத்தக்க அளவு பரிசோதித்தனர். கூடு தாங்கவேண்டிய அமுக்கத்தைப்போல் இருமடங்கு ஏற்றிப் பார்த்தனர், தாங்கிற்று. இருமடங்கைத் தாங்குவது ஒருமடங்கை எத்தனையோ ஆயிரந் தடவை தாங்கும் என நம்பினர். நம்பியதோடு நில்லாது, 1953இல் முற்பகுதிக் கூடொன்றை எடுத்து மீண்டும் மீண்டும் அமுக்கம் ஏற்றியும் இறக்கியும் பார்த்தனர். 16,000 தடவைக்கு மேலாகத் தாங்கியது. 16,000 எங்கே, 900 எங்கே?

விடை அப்பரிசோதனையின் உள்ளேயே இருந்தது. களைப்புச் சோதனைக்கு எடுத்த அதே கூடு, முன்னர் இருமடங்கு அமுக்கத்துக்கு உட்படுத்தப்பட்ட கூடு. அப்பேரமுக்கம் ஏறியபோது, தகைப்பு மிகுந்த மூலைகளிலே உலோகம் சிறிது விளைந்து கொடுத்தது. அமுக்கம் இறங்கியதும், சூழவிருந்த உலோகம் பழைய நிலைக்கு மீளுகையில் அம்மூலைகளை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. அதன்பின் சாதாரண அமுக்கம் ஏறும்போதெல்லாம், இழுவிசையின் ஒரு பகுதி அந்நெருக்கத்தை நீக்குவதிலேயே செலவாயிற்று. ஆகவே மூலைகள் நீண்ட ஆயுள் பெற்றன. சேவைக்கு அனுப்பிய விமானங்களோ அத்துணைப் பேரமுக்கத்துக்கு உட்பட்டவையல்ல. பலத்தைச் சோதித்த முதற் பரிசோதனையே இரண்டாம் பரிசோதனையின் கூட்டை வலுப்படுத்திவிட்டது. சோதித்த கூடு ஒன்று, பறந்த கூடு மற்றொன்று. கோகன் பிரபு தலைமையில் நடந்து 1955 பெப்ரவரியில் அறிக்கை வெளியிட்ட விசாரணையிலே இவை யாவும் எடுத்துரைக்கப்பட்டன.

சதுர யன்னல் என்று சுருக்கும்போது இழக்கப்படுவது இதுவே. யன்னலின் வடிவை மாற்றுதல் ஒரு பிற்பகலிற் செய்யத்தக்கது. நேர்மையான, கடுமையான, தன் முயற்சியாற் செய்த பரிசோதனையொன்று செய்தவனையே ஏமாற்றக்கூடும் என்பதைக் கண்டறிதல் அத்தகையதன்று. அன்றுதொட்டு முழு விமானத்தையே களைப்புச் சோதனைக்கு ஒதுக்கும் வழக்கம் வலுப்பெற்றது. விரிசல் தோன்றாது என நம்பியிராது, தோன்றியே தீரும் எனக்கொண்டு, அது பரவாதபடி கூட்டிலே குறுக்குப் பட்டைகளை வைக்கும் முறையும் போயிங் 707 முதலிய விமானங்களில் இடம்பெற்றது.

நாவலோடு இதனை ஒப்பிடும்போது அதன் பெருங்குறை தெரிகிறது. ஷூட்டின் உலகிலே உண்மையை அறிந்தவன் ஒருவன் இருக்கிறான்; ஏனையோர் கேளாச்செவியர். கொமெற்றின் வரலாற்றில் ஹனி என்றொருவன் இல்லை. தள்ளி மூலையில் வைக்கப்பட்ட ஞானி எவனும் இல்லை. கெட்டிக்காரர் பலர் கூடி, செய்யவேண்டுவன எனத் தாம் அறிந்த யாவற்றையுஞ் செய்தபின் 56 பேர் மத்தியதரைக் கடலில் இறந்தனர். நாவல் தரும் ஆறுதல் அங்கில்லை. ‘அந்த ஒருவனைக் கேட்டிருந்தால்’ என்று சொல்லுதற்கு அந்த ஒருவனே கிடையாது. ஆர்-101இன் நினைவு ஷூட்டை விடவில்லை என்று முன்னர்க் குறித்தோம். தவறு என்றால் அங்கே பிடிவாதக்காரர் இருந்தேயாக வேண்டும் என அவர் எண்ணியதற்கு அந்நினைவே காரணமாகலாம்.

எனினும் இந்நூலை நாம் தள்ளுவதற்கில்லை. நாவலின் உயிர் ஹனியிடத்தில் இல்லை. கதையைச் சொல்லுகின்ற ஸ்கொற் என்னும் பகுதித் தலைவரிடத்தில் உள்ளது. இதனைத் திரைப்படம் கண்டுகொள்ளவில்லை. நட்சத்திர நடிகரின் மறதியிலும் தடுமாற்றத்திலும் அது மயங்கிவிட்டது. ஸ்கொற் ஹனியின் கணிதத்தைத் தாமே ஆராய்ந்து தீர்க்க வல்லவரல்லர். ஹனியின் பிரமிட் நம்பிக்கையைக் கேட்டபோது அவருக்குங் கூச்சமே தோன்றுகிறது. பரிசோதனை முடியவில்லை, முடியும்வரை காத்திருப்பதே விஞ்ஞான ஒழுக்கம். ஆனால் விமானங்கள் பறந்துகொண்டிருக்கின்றன. கிறுக்கனென எல்லோரும் எண்ணும் ஒருவனுடைய நிறுவப்படாத கணக்கை நம்பி, ஒரு நாட்டின் பெருமைக்குரிய விமானங்களை நிலத்தில் நிறுத்துமாறு கேட்கலாமா? பிழைபட்டால் தொழில் போய்விடும். பேசாதிருந்தால் உயிர்கள் போகக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று அவர் எழுதும் கடிதங்களும், அழைக்கும் கூட்டங்களும், தொலைபேசியிற் பேசும் பேச்சுக்களும் ஆரவாரமற்ற நடையிற் சொல்லப்படுகின்றன. அலுவலக வாழ்க்கையை இத்துணைப் பரபரப்போடு படிக்கச்செய்த ஆங்கில நாவல் பிறிதொன்றை யாம் படித்ததில்லை.

கொமெற்றின் வரலாற்றில் இந்நாவலுக்கு நேரான இடம் வாற்சிறகுமன்று, யன்னலுமன்று. 1954 சனவரி 10ஆந் திகதிக்கும் ஏப்பிரில் 8ஆந் திகதிக்கும் இடைப்பட்ட காலமே அது. எல்பா விபத்தின் பின் விமானங்கள் தாமாகவே நிறுத்தப்பட்டன, பாராட்டவேண்டியது. குழுவொன்று கூடி, தீ, எஞ்சினின் சிதறல், சிறகின் களைப்பு என எண்ணக்கூடிய காரணங்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற திருத்தங்களைச் செய்வித்தது. எது காரணம் என்பது மட்டும் தெரியவில்லை. சிதைவின் பெரும்பகுதி இன்னுங் கடலடியிலேயே கிடந்தது. மேலும் நிறுத்திவைத்தற்குக் காரணம் காணப்படவில்லை எனக் கூறி மார்ச் 23ஆந் திகதி சேவை மீளத் தொடங்கப்பட்டது. பதினாறாம் நாள் யோக் யோக் வீழ்ந்தது.

நிறுத்துதற்குக் காரணம் காட்டுக என்பது ஒரு கேள்வி. பறத்தற்குக் காரணம் காட்டுக என்பது வேறொரு கேள்வி. 1954இற் கேட்கப்பட்டது முதலாவது. ஸ்கொற் கேட்டது இரண்டாவது. அன்றைய குழுவினரை இன்று பழித்தல் எளிது. அவர்கள் கையில் ஹனியின் கணக்கைப் போன்ற அரைகுறைச் சான்று தானும் இருக்கவில்லை என்பதை நினைந்தே தீர்ப்புரைத்தல் வேண்டும். ஆயினும் 2018 ஒக்டோபர் 29ஆந் திகதி இந்தோனேசியாவிற் போயிங் 737 மாக்ஸ் விமானமொன்று வீழ்ந்து 189 பேர் இறந்தபின், அவ்வினத்து விமானங்கள் நிறுத்தப்படாது பறந்து, 2019 மார்ச் 10ஆந் திகதி எதியோப்பியாவில் மற்றொன்று வீழ்ந்து 157 பேர் இறந்ததை எண்ணும்போது, குறை 1954இல் இருந்த அறியாமையில் மட்டுமில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. மாக்ஸ் விடயத்தில் ஐயத்துக்குரிய கருவி எது என்பது முதல் விபத்தின் பின்னரே தெரிந்திருந்தது.

தாரை விமானங்களின் மரபு என்றால், வழக்கமாகப் பேசப்படுவது வர்த்தகப் போட்டியைப் பற்றியே. அதனைச் சுருக்கமாகச் சொல்லி அப்பாற் செல்லலாம். கொமெற் நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், 1956 செப்டெம்பரில், சோவியத்தின் தி.யூ-104 மொஸ்கோவிலிருந்து இர்க்குற்ஸ்க்கிற்குச் சேவை தொடங்கியது. பிரான்சின் கரவெல், கொமெற்றின் மூக்குப் பகுதியையே வாங்கிப் பொருத்திக்கொண்டு, எஞ்சின்களைப் பின்புறத்தில் வைத்தது. திருத்தியமைத்த கொமெற்-4, 1958 ஒக்டோபர் 4ஆந் திகதி அத்திலாந்திக்கைக் கடந்த முதற் தாரைச் சேவையானது. ஏறத்தாழ மூன்று கிழமையின் பின், ஒக்டோபர் 26ஆந் திகதி, போயிங் 707 நியூ யோர்க்கிலிருந்து பாரிசுக்குப் பறந்தது. அது பெரிது, விரைவானது. வாங்குவோர் அதன்பின்னே சென்றனர். சிறகினுள்ளே எஞ்சினைப் புதைக்கும் முறை கைவிடப்பட்டு, சிறகின்கீழே தொங்கவிடும் முறை நிலைத்தது. எயர் சிலோன் 1962இற் பெற்ற தாரைச் சேவையும் வாடகைக்கமர்த்திய கொமெற்-4இனாலேயே நடந்தது. கொமெற்றின் உடலிலிருந்து பிறந்த நிம்றொட் என்னும் கடற்காவல் விமானம் பிரித்தானிய விமானப் படையில் இந்நூற்றாண்டிலும் பறந்தது. 2006 செப்டெம்பரில் அவற்றுளொன்று ஆப்கானிஸ்தானிலே தீப்பற்றி வீழ்ந்து 14 பேர் இறந்தனர். 2009இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, அவ்விமானங்களின் பாதுகாப்பை ஆராய்ந்து எழுதிய பத்திரத்தையே குற்றஞ்சாட்டியது. பத்திரம் எழுதப்பட்டிருந்தது; ஆராய்ச்சி நடைபெறவில்லை.

இத்தனைக்கும் பின்னர், ஷூட்டின் வாற்சிறகு மெய்யாகவே முறிந்த நாளும் ஒன்றுண்டு. 1977 மே 14ஆந் திகதி சாம்பியாவின் லுசாக்கா நகரை அணுகிய போயிங் 707 சரக்கு விமானமொன்றின் வலப்பக்க வாற்சிறகு களைப்பினால் அறுந்து வீழ, அதிலிருந்த ஆறுபேரும் மாண்டனர். ஒரு பகுதி உடைந்தால் மற்றொன்று தாங்கும் என்னும் கொள்கையின்படி கட்டப்பட்ட விமானம் அது. உடைந்த பகுதியை எவரும் உரிய காலத்திற் பார்க்கவில்லை. தாங்கும் என்ற கொள்கையும் தேடிப்பார்க்குங் கண்ணின்றிப் பயன்படாது என்பது அதன்பின் விதிகளில் எழுதப்பட்டது. ஷூட்டைத் தீர்க்கதரிசி எனக் கூற விரும்புவோர் கொமெற்றை விட்டு இவ்விபத்தைக் காட்டுவாராயின் ஓரளவு பொருந்தும்.

நாவலின் மற்றொரு குறையைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. வீழ்ந்த றெயின்டியரின் வாற்சிறகு கிடைத்தாலன்றி ஹனியின் கணக்கு நிறுவப்படாது. அடர்ந்த காட்டிலே அது எங்குள்ளது எனத் தெரியவில்லை. இந்த இக்கட்டில், பொறியியலாளரான ஆசிரியர் பொறியியலைக் கைவிட்டு ஆவியுலகை நாடுகிறார். சிறுமி எல்ஸ்பெத் தன்னை மறந்த நிலையில் எழுதும் சொற்களே துப்பாகின்றன. தேடிச்சென்றவர் வாற்சிறகைக் காண்கின்றனர். கண்ணுக்குப் புலனாகாதவற்றை யாம் இகழ்வதாக எவரும் எண்ணவேண்டா. கதையின் அச்சாணியாகிய சான்றை அத்தகைய கையிற் கொடுத்தமை, அதுவரை வரிவரியாகக் கட்டிய நம்பகத்தைத் தாமே இடித்ததாகும் என்பதே எமது முறைப்பாடு. எல்பாக் கடலடியைப் பல மாதம் துழாவிய கடற்படையினரின் உழைப்போடு ஒப்பிடுமிடத்து இது சோம்பேறியின் வழி.

வீழ்ந்த விமானத்தைப் பேசவைப்பது எவ்வாறு என்பதே அவ்விடத்தில் ஆசிரியரை வருத்திய வினா. அவ்வினாவுக்கு வேறொருவர் விடை தேடினார். மெல்பேண் நகரிலுள்ள விமான ஆராய்ச்சிக் கூடத்தில் எரிபொருள் ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் வொறன் என்பார், கொமெற் விபத்துக்களைப் பற்றிய ஆலோசனையிற் கலந்துகொண்டபோது, விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் தானே பதிந்து, விபத்தின் பின்னும் அழியாதிருக்கும் பதிவுப்பெட்டி ஒன்றைக் கட்டலாம் என எண்ணினார். தொடக்கத்தில் அவருடைய நாட்டில் அதற்கு வரவேற்பு இருக்கவில்லை. 1958இற் பிரித்தானிய அதிகாரியொருவர் கண்டு வியந்தபின்னரே அது முன்னேறிற்று. 1960 யூனிற் குயின்ஸ்லாந்தின் மக்கே நகரருகே விமானமொன்று வீழ்ந்து 29 பேர் இறந்தபின், அத்தகைய பெட்டி கட்டாயமாதல் வேண்டும் என அந்நாட்டு விசாரணை வற்புறுத்தியது. வொறன் முதலிற் கட்டிய பெட்டி, உருக்குக் கம்பியொன்றிலே கடைசி நான்கு மணிநேரப் பேச்சைப் பதிந்துவைத்தது. 1950இல் அவுஸ்திரேலியாவிற் குடியேறிய நெவில் ஷூட், அவ்வாராய்ச்சிக் கூடம் அமைந்த அதே மெல்பேண் நகருக்கு அணித்தான லங்வொறின் என்னுமிடத்திலே வாழ்ந்து, 1960 சனவரியிற் காலமானார்.